வெப்சைட் ஸ்டைல்களுக்கு ஒரு பொது அலமாரி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இன்டர்நெட்டில் கொஞ்ச நாள் உலவிய பின்னர், "நாமும் ஒரு வெப்சைட் வைத்துக் கொள்ளலாமே" என்று நினைப்பது இயற்கை. கடை வைத்திருப்பவர் கடைக்காக நினைப்பார்; ஆசிரியர் பள்ளிக்காக நினைப்பார். உடனே கூடவே ஒரு பயமும் வரும். "எழுத வேண்டியதை எழுதிவிடலாம். ஆனால் பார்க்க அழகாக அமைக்க நமக்குத் தெரியாதே!"

இந்தப் பயம் தேவையில்லை. அழகாக அமைக்கும் வேலையைப் பலர் முன்னரே செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளும்படி இலவசமாக வைத்திருக்கிறார்கள். இத்தகைய தொகுப்பு எப்படி உருவாகிறது, எடுத்துப் பயன்படுத்தும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை இங்கு பார்க்கலாம். நான் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை செய்கிறேன். என்னுடன் படித்த நண்பர்கள் மூன்று பேருடன் சேர்ந்து, தமிழ்ப் பக்கங்களுக்காக இப்படி ஒரு சிறிய தொகுப்பை உருவாக்கி வருகிறேன். அந்த அனுபவத்தையும் இடையிடையே சொல்கிறேன்.

முதலில் ஒரு சோதனை

உங்கள் கம்ப்யூட்டரில் பயர்பாக்ஸ் பிரவுசர் இருந்தால் அதைத் திறந்து, நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் ஏதேனும் ஒரு செய்தித் தளத்திற்குச் செல்லுங்கள். கீ போர்டில் ஆல்ட் கீயை ஒரு முறை தட்டுங்கள். மேலே மெனு வரிசை தோன்றும். அதில் வியூ மெனுவில் கிளிக் செய்து, பேஜ் ஸ்டைல் என்ற பிரிவில் நோ ஸ்டைல் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பக்கம் தலைகீழாக மாறிவிடும். வண்ணங்கள் போய்விடும். பக்கவாட்டில் இருந்தவை எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிவிடும். பட்டன்கள் வெறும் நீல எழுத்துகளாக நிற்கும். ஆனால் ஒரு செய்தி கூடக் காணாமல் போயிருக்காது. பயப்பட வேண்டாம், எதுவும் கெட்டுப் போகவில்லை. அதே இடத்தில் பேசிக் பேஜ் ஸ்டைல் என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழைய தோற்றம் திரும்ப வரும்.

ஒரு வெப் பக்கத்தில் இரண்டு தனித்தனிப் பகுதிகள் இருப்பது இதிலிருந்து தெரியும். என்ன சொல்கிறோம் என்பது ஒரு பைலில் இருக்கும். இதனை எச்.டி.எம்.எல். பைல் என்கிறோம். அது எப்படித் தோன்ற வேண்டும் என்பது இன்னொரு பைலில் இருக்கும். இதனை சி.எஸ்.எஸ். பைல் அல்லது ஸ்டைல் ஷீட் என்கிறோம். நாம் அலமாரியில் வைக்கப் போவது இந்த இரண்டாவது பைலைத்தான்.

வேர்டில் பார்த்ததுதான்

எம்.எஸ். வேர்ட் பயன்படுத்தியவர்களுக்கு இது புதிதல்ல. ஹோம் டேபில் ஸ்டைல்ஸ் என்ற பகுதியில் ஹெடிங் 1, நார்மல் போன்ற பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். நாற்பது பக்க டாகுமெண்ட்டில் எல்லாத் தலைப்புகளுக்கும் ஹெடிங் 1 கொடுத்திருந்தால், அந்த ஹெடிங் 1 மீது ரைட் கிளிக் செய்து மாடிஃபை மூலம் நிறத்தை மாற்றினால் போதும். நாற்பது பக்கத் தலைப்புகளும் ஒரே நேரத்தில் மாறிவிடும். ஒவ்வொரு தலைப்பையும் தனித்தனியே செலக்ட் செய்து வண்ணம் கொடுத்தவர் இரவெல்லாம் உட்கார வேண்டியதுதான்.

வெப் பக்கங்களும் தொடக்கத்தில் அந்த இரண்டாமவரைப் போலத்தான் தயாராயின. சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கிய வெப், முதலில் ஆய்வுக் கட்டுரைகளைப் பகிர்ந்து கொள்ளத்தான் பயன்பட்டது. பலரும் பயன்படுத்தத் தொடங்கியதும், நிறமும் எழுத்துருவும் வேண்டும் என்ற ஆசை வந்தது. ஒவ்வொரு வரியிலும் அதன் நிறத்தையும் அளவையும் சேர்த்தே எழுதினார்கள். அதே செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய நார்வே நாட்டவரான ஹோகோன் வியும் லீ, 1994 அக்டோபரில் தோற்றத்தைத் தனியே பிரித்து எழுதும் முறையை முன்வைத்தார். நெதர்லாந்தைச் சேர்ந்த பெர்ட் போஸ் அவருடன் சேர்ந்து கொண்டார். சி.எஸ்.எஸ். முதல் பதிப்பு 1996 டிசம்பரில் தரமாக அறிவிக்கப்பட்டது.

பிரித்து வைத்ததால் என்ன லாபம் என்பதை 2003ல் டேவ் ஷே என்பவர் சி.எஸ்.எஸ். ஜென் கார்டன் என்ற தளத்தின் மூலம் காட்டினார். அதில் எச்.டி.எம்.எல். பைல் ஒன்றுதான், அதில் யாரும் கை வைக்கக் கூடாது. வடிவமைப்பாளர்கள் ஸ்டைல் பைலை மட்டும் எழுதி அனுப்பினார்கள். ஒரே செய்தி, நூற்றுக்கணக்கான தோற்றங்களில் வந்தது. அப்படியானால் ஒருவர் எழுதிய ஸ்டைலை இன்னொருவர் தன் செய்திக்குப் போட்டுக் கொள்ளலாம் அல்லவா?

பத்திரிகை ஆல்பமும் பூட்ஸ்ட்ராப்பும்

கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போனால் கடைக்காரர் கனமான ஒரு ஆல்பத்தை எடுத்து வைப்பார். மேலே பிள்ளையார், ஓரத்தில் மாவிலை, நடுவில் பெயர்கள் எனப் பல மாதிரிகள் இருக்கும். நாம் ஒன்றைக் காட்டுவோம். பெயர், முகூர்த்த நேரம், மண்டபம் மட்டும் மாறும். வெப்சைட் ஸ்டைல் தொகுப்பும் இப்படிப்பட்ட ஒரு ஆல்பம்தான். தலைப்பு, பட்டன், அட்டவணை, படிவம், எச்சரிக்கைப் பெட்டி என ஒவ்வொன்றுக்கும் தயாரான ஸ்டைல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. நம் பக்கத்தில் அந்தப் பெயரைக் குறிப்பிட்டால் போதும்.

இவற்றில் மிகவும் புகழ்பெற்றது பூட்ஸ்ட்ராப். இன்று எக்ஸ் என்று அழைக்கப்படும் ட்விட்டர் நிறுவனத்தில் வேலை பார்த்த மார்க் ஓட்டோ, ஜேக்கப் தோர்ன்டன் இருவரும் இதனை உருவாக்கினர். தொடக்கத்தில் இது நிறுவனத்திற்குள் மட்டும் பயன்பட்டது. உள்ளே பயன்படும் சாப்ட்வேர்கள் எல்லாம் ஒரே மாதிரி தோன்ற வேண்டும், செய்த வேலையையே திரும்பச் செய்யக் கூடாது என்பதே நோக்கம். 2011 ஆகஸ்ட்டில் இதனை கிட்ஹப் தளத்தில் ஓப்பன் சோர்ஸாக எல்லாருக்கும் திறந்துவிட்டனர். 2013ல் வந்த மூன்றாம் பதிப்பு மொபைல் போன் திரையை முதலில் மனதில் வைத்து எழுதப்பட்டது. ஐந்தாம் பதிப்பு 2021 மே மாதம் வெளியானது.

பூட்ஸ்ட்ராப் பக்கத்தின் அகலத்தை 12 பாகங்களாகப் பிரிக்கிறது. ஏன் 12? இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என எதனாலும் மீதியின்றி வகுபடும். எனவே பக்கத்தை இரண்டு பத்தியாகவோ மூன்று பத்தியாகவோ நான்கு பத்தியாகவோ கணக்குப் போடாமல் பிரிக்கலாம். திரை சிறிதானால் பத்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிவிடும்.

தமிழுக்கு ஏன் தனியாக?

இவ்வளவு நல்ல தொகுப்பு இருக்கும்போது நாங்கள் ஏன் இன்னொன்று செய்தோம்? பூட்ஸ்ட்ராப் ஆங்கில எழுத்தை மனதில் வைத்து அளவெடுத்த சட்டை. அதில் தலைப்பு வரிகளின் உயரம் எழுத்தின் அளவைப் போல 1.2 மடங்கு. ஆங்கிலத்திற்கு இது போதும். தமிழில் "டி", "கீ" ஆகியவற்றின் கொம்பு மேலே எழும். "மு", "கூ" ஆகியவற்றின் சுழி கீழே இறங்கும். தலைப்பு இரண்டு வரிக்குப் போனால், மேல் வரியின் சுழியும் கீழ் வரியின் கொம்பும் நெருக்கியடிக்கின்றன. எங்கள் தொகுப்பில் தலைப்புக்கு 1.5 மடங்கும் செய்திக்கு 1.8 மடங்கும் வைத்தோம்.

அடுத்தது எழுத்துரு. ஏரியல் போன்ற ஆங்கில எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் கிடையாது. பிரவுசர் தானே தேடி, விண்டோஸில் நிர்மலா யு.ஐ., பழைய விண்டோஸில் லதா என ஏதோ ஒன்றை எடுத்துப் போடும். அதனால் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் பக்கம் மாறித் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற இலவச எழுத்துருவை நாங்கள் முதலிடத்தில் வைத்தோம்.

மூன்றாவது, சொல்லின் நீளம். ஆங்கிலத்தில் "சப்மிட்" என்பதற்கு ஆறே எழுத்துகள். அந்த அளவுக்கு அகலம் நிர்ணயித்த பட்டனில் "சமர்ப்பிக்கவும்" என்று எழுதிப் பாருங்கள். வால் வெளியே நிற்கும். எனவே எங்கள் பட்டன்களுக்கு நிலையான அகலம் கொடுக்கவில்லை. சொல் நீண்டால் பட்டனும் நீளும்.

பெயர் வைப்பதில் இருக்கிறது விஷயம்

தொகுப்பு வேலையில் எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது பெயர் வைப்பதுதான். எச்சரிக்கைப் பெட்டிக்கு "சிவப்புப் பெட்டி" என்று ஒரு நண்பர் பெயர் வைத்தார். இன்னொருவர், "நாளைக்கு இதை ஆரஞ்சு ஆக்கினால் பெயர் பொய்யாகிவிடுமே" என்றார். தோற்றத்தை வைத்துப் பெயர் வைக்காமல், பயனை வைத்துப் பெயர் வைப்பது என்று முடிவானது. "எச்சரிக்கை" என்பது எந்த நிறத்திலும் எச்சரிக்கைதான். சி.எஸ்.எஸ். பைலில் இந்தப் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது. பைலை யு.டி.எப்.-8 முறையில் சேமித்தால் போதும். பிரவுசர் ஏற்றுக் கொள்ளும்.

ஒரு சாம்பல் நிறத்தில் வந்த விவாதம்

எங்கள் தொகுப்பை முதலில் நான்கு இடங்களில் பயன்படுத்தினோம்: ஒரு பள்ளி, ஒரு ஊர் நூலகம், ஒரு மகளிர் சுயஉதவிக் குழு, ஒரு சிறு மருத்துவமனை. மருத்துவமனைக்கு வேறொருவர் செய்து கொடுத்த பழைய பக்கம் இருந்தது. அதில் டாக்டர் வராத நாள் எது என்ற குறிப்பு வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் நிறத்தில் இருந்தது. பார்க்க நாகரிகமாகத்தான் இருந்தது. ஆனால் கண்புரை உள்ள ஒரு பெரியவர் அதைப் படிக்க முடியாமல், வியாழக்கிழமை இரண்டு பஸ் மாறி வந்து திரும்பிப் போனார் என்று அங்குள்ள நர்ஸ் சொன்னார்.

நிறங்களைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டியதில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு விகிதமாகக் கணக்கிடலாம். வெள்ளையில் கறுப்பு என்றால் 21க்கு 1. இதுவே உச்சம். வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008ல் வெளியிட்ட வழிகாட்டியில், சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 வேண்டும் என்கிறது. நிறங்களுக்கு எண்கள் உண்டு. 999999 என்ற எண்ணுள்ள சாம்பல் நிறம் வெள்ளையில் 2.85 மட்டுமே தரும். 767676 என்ற சாம்பல் 4.54 தரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இளம் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. அந்தப் பெரியவருக்கு அது ஒரு நாள் பயணம்.

பொதுத் தொகுப்பில் 4.5க்குக் குறைந்த எழுத்து நிறமே கூடாது என்றேன். ஒரு நண்பர் மறுத்தார். "ஓப்பன் சோர்ஸ் என்றால் சுதந்திரம். வேண்டியவர் வேண்டியபடி மாற்றிக் கொள்ளட்டும். நாம் ஏன் கட்டுப்படுத்த வேண்டும்?" என்பது அவர் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் நான்கு இடங்களையும் எடுத்துப் பார்த்தோம். நாங்கள் கொடுத்த நிறத்தை மூன்று இடங்களில் யாரும் மாற்றவே இல்லை. எடுத்துக் கொள்பவர்களில் பலரும் உள்ளே இருப்பதை அப்படியே வைத்துக் கொள்வார்கள். தொகுப்பைச் செய்பவர் முதலில் எதை வைக்கிறாரோ அதுவே பல பக்கங்களில் கடைசி வரை நிற்கும். எனவே மாற்றும் சுதந்திரம் எல்லாருக்கும் இருக்கட்டும். நாம் கையில் கொடுப்பது படிக்கும்படி இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

மகளிர் குழுவினர் பட்டன்களை ரோஜா நிறத்தில் கேட்டார்கள். அதற்காகப் பொதுப் பைலைத் தொடவில்லை. அவர்களுக்கென ஐந்தே வரிகளில் தனி ஸ்டைல் பைல் ஒன்று எழுதி, பொதுப் பைலுக்கு அடுத்ததாக இணைத்தோம். இரண்டு பைல்கள் ஒரே பொருளைப் பற்றி வேறு வேறாகச் சொன்னால், மற்றவை சமமாக இருக்கும்போது, பின்னால் வருவது சொன்னதையே பிரவுசர் எடுத்துக் கொள்ளும். சி.எஸ்.எஸ். என்ற பெயரின் முதல் சொல்லான கேஸ்கேடிங் இந்த அடுக்கு முறையைத்தான் குறிக்கிறது. அடுத்தவர் தொகுப்பைப் பயன்படுத்தும்போது நீங்களும் இப்படியே செய்திடுங்கள். பொதுப் பைலை நேரடியாகத் திருத்தினால், அதன் புதிய பதிப்பு வரும்போது உங்கள் மாற்றங்கள் எல்லாம் அழிந்துவிடும்.

வெர்ஷன் எண்ணைக் கவனியுங்கள்

பலர் பகிர்ந்து கொள்ளும் பைலில் ஒரு நன்மையும் ஒரு ஆபத்தும் ஒன்றாகவே இருக்கின்றன. ஒரு திருத்தம் எல்லாப் பக்கங்களுக்கும் பயன்படும். ஒரு பிழையும் எல்லாப் பக்கங்களுக்கும் பரவும். மவுஸை மேலே கொண்டு சென்றால் தோன்றும் சிறு விளக்கப் பெட்டிகளுக்காக பூட்ஸ்ட்ராப்பில் ஒரு புரோகிராம் பகுதி உண்டு. அதில் தீய கட்டளைகளை நுழைக்க வழி இருப்பது தெரிந்ததும், 2019 பிப்ரவரியில் 3.4.1, 4.3.1 என்ற பதிப்புகள் வெளியாயின. புதிய பதிப்பிற்கு மாறியவர்கள் பிழைத்தார்கள். எப்போதோ காப்பி செய்து வைத்து மறந்து போனவர்கள் பக்கத்தில் ஓட்டை அப்படியே இருந்தது.

இந்த மூன்று எண்களுக்குப் பொருள் உண்டு. பெரும்பாலான தொகுப்புகளில் மூன்றாவது எண் மட்டும் மாறினால் பிழைத் திருத்தம், தயங்காமல் மாறலாம். இரண்டாவது மாறினால் புதிய வசதி சேர்ந்திருக்கிறது. முதல் எண் மாறினால் பழைய பெயர்கள் சில இல்லாமல் போயிருக்கலாம். பக்கத்தை ஒரு முறை முழுதும் சோதித்த பின்னரே மாற வேண்டும்.

இலவசம் என்றால் எப்படி?

இன்டர்நெட்டில் கண்ணில் படுவதெல்லாம் இலவசம் என்று நினைக்க வேண்டாம். ஒருவர் எழுதியது அவருக்கே உரிமை. அவர் எழுதி அனுமதித்தால்தான் நாம் எடுக்கலாம். அந்த அனுமதிச் சீட்டுதான் லைசென்ஸ். தொகுப்புடன் லைசென்ஸ் என்ற பெயரில் ஒரு சிறிய டெக்ஸ்ட் பைல் இருக்கும். பூட்ஸ்ட்ராப் இப்போது எம்.ஐ.டி. லைசென்ஸில் கிடைக்கிறது. நாங்களும் அதையே தேர்ந்தெடுத்தோம். இதன்படி பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். அந்த உரிமைக் குறிப்பை மட்டும் நீக்கக் கூடாது. ஏதேனும் கோளாறு வந்தால் எழுதியவர் பொறுப்பில்லை என்பதும் அதிலேயே இருக்கும். லைசென்ஸ் பைலே இல்லாத தொகுப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

நீங்கள் தொடங்கலாம்

1. கிட்ஹப் தளத்தில் நீங்கள் விரும்பும் தொகுப்பின் பக்கத்திற்குச் செல்லுங்கள். அங்குள்ள பச்சை நிற கோட் பட்டனில் கிளிக் செய்து, டவுன்லோட் ஜிப் என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதலில் சிறிய தொகுப்பாக எடுத்துக் கொள்வது நல்லது.

2. டவுன்லோட் ஆன பைலில் ரைட் கிளிக் செய்து எக்ஸ்ட்ராக்ட் ஆல் கொடுங்கள். ஒரு போல்டர் கிடைக்கும். அதனை இன்னொரு இடத்தில் காப்பி செய்து வைத்துக் கொள்ளுங்கள். சோதனை எல்லாம் காப்பியில்தான்.

3. போல்டரில் எச்.டி.எம்.எல். மாதிரிப் பக்கம் இருந்தால் அதில் டபுள் கிளிக் செய்திடுங்கள். பிரவுசரில் திறக்கும். இதற்கு இன்டர்நெட் இணைப்பு பெரும்பாலும் தேவைப்படாது.

4. காப்பியில் உள்ள சி.எஸ்.எஸ். பைலை நோட்பேடில் திறந்து, ஒரே ஒரு நிற எண்ணை மாற்றிச் சேமியுங்கள். பிரவுசரில் எப் 5 கீயை அழுத்துங்கள். மாற்றம் உடனே தெரியும்.

5. பிடித்திருந்தால், உங்களுக்கென ஒரு தனி ஸ்டைல் பைல் தொடங்கி மாற்றங்களை அதில் எழுதிவாருங்கள்.

புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் பொதுத் தொகுப்புக்கு உதவலாம். கிட்ஹப்பில் இஷ்யூ என்ற பிரிவில் குறைகளைப் பதிவு செய்யும் வசதி உண்டு. "சரியாக இல்லை" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. எந்தப் பிரவுசர், எந்தப் பக்கம், என்ன செய்தீர்கள், என்ன தெரிந்தது என்ற நான்கையும் எழுதுங்கள். எங்களுக்கு வந்தவற்றில் மிகவும் பயன்பட்ட குறிப்பை அனுப்பியவர் நூலகத்திற்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். அவர் கம்ப்யூட்டர் வாங்கி அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. எழுத்தைப் பெரிதாக்க கண்ட்ரோல் கீயுடன் பிளஸ் கீயை அழுத்தினால், எங்கள் மெனு செய்தியின் மீது ஏறி நிற்கிறது என்று எழுதியிருந்தார். நாங்கள் நால்வரும் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் தேவை இல்லாதவர்கள். அவர் சொன்ன பிறகு இரண்டு வரிகளை மாற்றினோம். நான்கு தளங்களிலும் வெர்ஷன் எண்ணின் கடைசி இலக்கத்தை மாற்றியதும், அந்தக் குறை நான்கு இடங்களிலும் நீங்கிவிட்டது.